'இல்லை' என்று யார் சொல்லலாம்?

கம்மல் திருகாணி தொலைந்து போகாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. ஆளுக்கு ஒரு மூலையில் தேடுவார்கள். "கட்டிலுக்கு அடியில பார்த்தியா?" "பார்த்தாச்சு, இல்லை." "பீரோ பின்னாடி?" "அங்கேயும் இல்லை." மறுநாள் காலை பெருக்கும்போது அதே கட்டிலுக்கு அடியிலிருந்து திருகாணி உருண்டு வரும். அப்போது யாரும் 'ஐயையோ, நேற்று பொய் சொல்லிவிட்டேனே' என்று வருந்துவதில்லை. குனிந்து பார்த்தது நிஜம்தானே!

இந்தப் 'பார்த்தாச்சு, இல்லை'யில் இரண்டு செய்திகள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. என் கண்ணில் படவில்லை என்பது ஒன்று. அது என்னைப் பற்றிய செய்தி. அங்கே அது கிடையாது என்பது இன்னொன்று. அது தரையைப் பற்றிய செய்தி. முதலாவதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல எவ்வளவு தேடியிருக்க வேண்டும்?

திருகாணி விஷயத்தில் இது வெட்டி வேதாந்தம். மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளியில் அலைகிறவர்களுக்கும் கூடப் பெரிய விஷயம் இல்லை. இங்கிலாந்தில் இது ஒரு பொழுதுபோக்கு. 1992 நவம்பரில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்னே என்ற கிராமத்தில், ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரை எடுத்துக் கொண்டு தேடப் போனார். கிடைத்தது சுமார் 15,000 ரோமானிய நாணயங்கள், தங்க நகைகள், வெள்ளிச் சாமான்கள்! மனிதர் ஆசைப்பட்டு மொத்தத்தையும் அள்ளாமல், தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்தார். தொல்லியல்காரர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். (சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து!) ஒருவேளை லாஸ் நாலடி தள்ளி நடந்திருந்தால்? புதையல் இன்னும் நூறு வருடம் மண்ணுக்குள் தூங்கியிருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதே கருவியை, இதே போல இடமும் வலமும் ஆட்டிக் கொண்டு, வேறொரு இடத்தில் தேடுகிறார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காமல் போனால்தான் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நாலடி தள்ளிப் போய்விட்டால் ஒரு கால் போய்விடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் ஏ-9 சாலையில், பளைக்கு அடுத்து முகமாலை. 2000-லிருந்து 2009 வரை இரண்டு தரப்பின் முன்னரங்கும் அங்கேதான் எதிரும் புதிருமாக நின்றது. ராணுவமும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. மண்ணுக்குள் இருந்ததற்கு அந்தத் தகவல் யார் சொல்வது? ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ் போன்ற உள்நாட்டு அமைப்பும், ராணுவத்தின் பிரிவும் வடக்கு முழுவதும் அதைத் தோண்டி எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். நாம் கண்ணிவெடி என்கிறோம். அங்கே மிதிவெடி என்கிறார்கள். அவர்கள் வார்த்தைதான் சரி. யார் மிதிப்பார்கள் என்பதை அது மறைப்பதில்லை. வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறைய. போரில் கணவனை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் பலர்.

அவர்கள் தேடும் விதத்தைக் கவனியுங்கள். நம்மைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணை ஓட்டுவதில்லை. ஆபத்தில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த தரையில் ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை. பக்கவாட்டில் குச்சி நட்டு எல்லை. எதிரே குறுக்காகத் தரையில் இன்னொரு குச்சி. குச்சிக்கு இந்தப் பக்கம் பார்த்த மண். அந்தப் பக்கம் பார்க்காத மண். முழங்காலிட்டு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கொண்டு, குச்சிக்கு அப்பால் ஒரு முழம் மண்ணைத் தேட வேண்டியது. அது சுத்தம் என்றானதும் குச்சி ஒரு முழம் நகரும். வேலை தொடங்குமுன் தினமும் டிடெக்டரை ஒரு சோதனைத் துண்டின் மேல் காட்டி, காது கேட்கிறதா என்று அதையே பரீட்சை செய்துவிடுகிறார்கள்.

'கீங்' என்று சத்தம் வந்தால் அது மிதிவெடி என்றே வைத்துக் கொண்டு பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்ட வேண்டும். போர் நடந்த மண் அல்லவா, பெரும்பாலும் தோட்டாக் கூடு, குண்டுச் சிதறல், தகரம், ஆணி. பத்தாவது ஆணிக்குப் பிறகு பதினோராவது சத்தத்தையும் ஆணி என்று நினைக்கத்தான் மனசு சொல்லும். அந்த நினைப்புக்கு அங்கே அனுமதி கிடையாது. இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டதும் மரப்பெட்டிக்குள் வைத்ததுமாக, உள்ளே துளியூண்டு உலோகம் மட்டும் உள்ள வெடிகளும் உண்டு. டிடெக்டரை நம்ப முடியாத இடங்களில், வாரி போன்ற கருவியால் மண்ணையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தேடுகிறார்கள்.

வேகத்துக்காகவும் ஒழுங்குக்காகவும்தான் இந்தக் குச்சியும் கோடும் என்று தோன்றும். எனக்கென்னவோ, அது வாய்க்குப் போட்ட கடிவாளம் என்று படுகிறது. கோடு இல்லாமல் 'இல்லை' என்று ஒருவர் சொன்னால், எதுவரைக்கும் இல்லை? அவருக்கே தெரியாது. கோடு போட்டவர், இங்கிருந்து இதுவரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்கிறார். தெரியாது என்பதை இவ்வளவு கறாராக, செ.மீ. கணக்கில் சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? டி.வி. விவாதங்களில் ஒரு குச்சி நட்டுப் பாருங்களேன்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எல்லை விஷயம். டிடெக்டரை வீசும்போது தன் பாதையின் ஓரத்தோடு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் அடுத்த பாதைக்குள்ளும் போய் வர வேண்டும். அடுத்த பாதையில் வேலை செய்கிறவரும் இந்தப் பக்கம் கொஞ்சம் வருவார். ஓரத்து மண் இரண்டு முறை தேடப்படும். ஏன் இந்த வீண் வேலை? இரண்டு பேருமே 'அவர் பார்த்திருப்பார்' என்று விட்ட நாலு விரல் அகலத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். நம் ஊரில் தண்டவாளத்தின் ஓரம் கிடக்கும் உடல் எந்த ஸ்டேஷன் எல்லை என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். மிதிவெடிக்காரர்களின் விதியை அப்படியே கொண்டு வந்தால், இரண்டு ஸ்டேஷன்காரர்களும் ஓடி வந்திருக்க வேண்டும்.

சரி, யாரும் பார்க்காத நேரத்தில்? நாள் முழுக்க வெயில். வாரம் முழுக்க ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் இன்னும் ஒரு முழம் பாக்கி. இருக்க வாய்ப்பே இல்லை என்று அனுபவம் சொல்கிறது. டிடெக்டரை ஒரு வீச்சு வீசிவிட்டுக் குச்சியை நகர்த்தினால் என்ன?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் 1896-ஆம் வருட இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றை எல்லோரும் மனப்பாடம் செய்வோம். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி. அதாவது, சந்தேகம் வராத வரை எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஆயிரம் வவுச்சரில் ஐம்பதை எடுத்துப் பார்த்து, கணக்கு உண்மையும் நியாயமுமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடலாம். இதற்கு 'டெஸ்ட் செக்' என்று பெயர். விட்டுப்போன ஒரு வவுச்சரால் கம்பெனி செத்துவிடாது. ஆனால் மிதிவெடி வயலில் சராசரி என்று ஒன்று கிடையாது. தொண்ணூற்றொன்பது சதவீதம் சுத்தம் என்று சொல்லிக் காணியை ஒப்படைத்தால், மிச்சம் ஒரு சதவீதம் எங்கே என்று தெரியாத வரை அந்தக் குடும்பத்துக்கு முழுக் காணியுமே ஆபத்துதான். வேலை முடிந்த நிலத்தில் மேற்பார்வையாளர்கள் அங்கங்கே தோண்டிச் சரிபார்ப்பதும் உண்டு. அந்த டெஸ்ட் செக்கில் ஒரே ஒரு வெடி அகப்பட்டாலும் செய்த வேலையை ஏற்க மாட்டார்கள். மறுபடி முதலிலிருந்து!

அப்படியானால் சந்தேகம் தீரும் வரை தேடிக் கொண்டே இருப்பதுதான் தர்மமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தேடி முடிப்பதற்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது. உறவினர் வீட்டுத் திண்ணையில், வருஷக் கணக்காக. வெடியே இல்லாத காணியில் பயத்தால் கூடுதலாகச் செலவழித்த ஒரு மாதம், வெடி இருக்கிற வேறொரு காணியிலிருந்து எடுத்த மாதம். அந்த வேறொரு காணியின் ஓரமாக ஒரு பையன் மாடு மேய்த்துக் கொண்டிருக்கலாம். அதனால்தான் தோண்டுவதற்கு முன் ஊர்க்காரர்களை விசாரிக்கிறார்கள், பதிவுகளைப் பார்க்கிறார்கள். ஆதாரமே இல்லாமல் சந்தேகப் பட்டியலில் சேர்ந்த நிலத்தைத் தோண்டாமலேயே விடுவிப்பதும் உண்டு. சர்வதேச விதிமுறையும் கடவுள் மாதிரி நிச்சயம் கேட்பதில்லை. நியாயமாகச் செய்யக் கூடிய முயற்சி எல்லாவற்றையும் செய்தாயா என்றுதான் கேட்கிறது. 'நியாயமாக' என்ற அந்த வார்த்தைக்கு டிடெக்டர் கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, இங்கே கோடு போடு என்று சொல்லியாக வேண்டும். சொன்னவர் ராத்திரி எப்படித் தூங்குகிறாரோ!

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. (இந்தியா சேரவில்லை.) புதைத்ததை எடுத்து முடிக்க அந்த உடன்படிக்கை தரும் கெடு பத்து வருடம். கெடு நெருங்க நெருங்க, மீட்டர் கணக்கும் தேதிக் கணக்கும் மோதும். அவசரப்படுத்துகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். காத்திருக்கும் குடும்பத்தின் பெயரால்தான் அவசரப்படுத்துவார்கள்.

சில நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் செய்த நிலத்தை ஒப்படைக்கும் நாளில் ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே தயங்கி நிற்பார்கள். சான்றிதழை நீட்டினால் போதாது. தேடியவர்களே தடுப்புச் சட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக நின்று, அந்த நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டுவார்கள்.