அடியில் கிடக்கும் கல்

"டீச்சர், நான் அழுத்துறேன். கட்டை தூக்குது. நடுவுல கெடக்குற கல்லு என்ன வேலை செய்யுது?"

திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. கேட்டவள் ஏழாம் வகுப்புப் பெண். எளிய இயந்திரங்கள் பாடத்துக்காகப் பிள்ளைகளே செய்த நெம்புகோல் அது. தச்சு ஆசாரியிடம் கேட்டு வாங்கிய ஆறடிச் சட்டம். ஒரு முனையில் மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு, 50 கிலோ. அதிலிருந்து ஓரடி தள்ளி, சட்டத்துக்கு அடியில் ஒரு கருங்கல். மறுமுனையில் 10 கிலோ பாரத்துக்கு அழுத்தினாலே சாக்கு எழுந்துவிடும். கை ஐந்து அங்குலம் இறங்கினால் சாக்கு ஓர் அங்குலம் ஏறும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதை அவர்களே ஸ்கேல் வைத்து அளந்து கண்டுபிடித்தார்கள்.

கல்லைப் பற்றிய கேள்விக்குப் பாடநூல் பதிலைச் சொன்னேன். விசை இருந்தாலும் நகர்வு இல்லையென்றால் வேலை இல்லை. கல் நகரவில்லை, அது செய்த வேலை பூச்சியம்.

சொல்லி முடித்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது. பக்கவாதம் வந்து ஆறு வருஷம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். "ஒரு துரும்பைக்கூட நகர்த்தலியேம்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்பார். அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்த ஆறு வருஷமும் என் அண்ணனும் தம்பியும் ஒரே உலையில்தான் சாப்பிட்டார்கள். அவர் போன இரண்டாம் மாதம் வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது.

மறுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து கல்லுக்கு அடியில் வைத்தேன். அதே பெண் அழுத்தினாள். சாக்கு மேலே எழுந்து நின்றபோது முள் 60-ஐத் தாண்டியிருந்தது. சாக்கின் பாரம், அவள் கையின் பாரம், சட்டத்தின் பாரம் மூன்றும் அந்த ஒரே கல்லின் மேல். அங்கே இருந்தவற்றில் அதிகம் சுமந்தது அதுதான். பாடநூல் அந்த இடத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்திருப்பதை இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் நான் கவனித்ததில்லை.

அசையாத ஒன்றை 'செய்பவர்' என்று சொல்லலாமா? கடவுளைப் பற்றிய பழைய கேள்வி இது. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் சூரியனைக் காட்டுவார்கள்: அது உதித்தால் தாமரை மலரும், சூரியனிடம் எந்த மாற்றமும் இல்லை, இறைவனும் அப்படித்தான், அவன் சந்நிதியில் எல்லாம் நடக்கும். அந்த உவமையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் தாமரையின் பாரம் எதுவும் சூரியன் மேல் ஏறுவதில்லை. கல்லின் கதை வேறு. இந்த முனையில் எவ்வளவு ஏற்றினாலும், அந்த முனையில் எவ்வளவு அழுத்தினாலும், இரண்டும் அதன் மேல்தான் வந்து இறங்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திருவாரூர்க் கோயிலின் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் என்பார்கள். தியாகராஜர் அதில் ஏறி வீதிக்கு வருகிறார். வடம் பிடிப்பவர்களைப் பார்க்கிறோம்; சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறவர்களைப் பார்க்கிறோம். மூலவர் வன்மீகநாதர் மட்டும் புற்றிடத்தை விட்டு அசைவதில்லை. சின்ன வயதில் அவர் சும்மா உள்ளே இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வீதியில் நடக்கும் அத்தனைக்கும் ஓர் ஊன்றுமிடம் வேண்டும். அது நகராததால்தான் மற்றதெல்லாம் நகர முடிகிறது. அது சும்மா இருப்பதல்ல, சுமப்பது. என் கடவுள் சூரியனைப் போன்றவர் அல்லர், அந்தக் கல்லைப் போன்றவர்.

விசையையும் நகர்வையும் பெருக்கி வேலையைக் கணக்கிடும் பாடம் தவறில்லை. தேர்வில் பிள்ளைகள் பூச்சியம் என்றே எழுதட்டும், மதிப்பெண் போடுவேன். ஆனால் வகுப்பில் நெம்புகோல் செய்துகாட்டும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாக்கை நிறுப்பதோடு விட்டுவிடாதீர்கள். எடை மெஷினை ஒரு தடவை அந்தக் கல்லுக்கு அடியிலும் வையுங்கள். முள் எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே குனிந்து படிக்கட்டும்.