பூட்டி வைத்த வானம்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலைவேளைகளில் என்னோடு உலாவ வரும் நண்பர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் நியாயத் தராசில் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார். சென்ற வாரம் அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொண்டேன்.

புனே பக்கத்தில், கோடத் என்ற கிராமத்தை நடுவாகக் கொண்டு முப்பது ரேடியோ தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவு. டாடா ஆராய்ச்சி நிறுவனக் குழுவினர் 2010 முதல் 2012 வரை அவற்றைக் கொண்டு வானத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பதிவு செய்தார்கள். இத்தகைய பதிவுகள் சில காலம் எடுத்தவருக்கே உரியவை. பிறகு கேட்பவர் எவர்க்கும் உண்டு என்பது தொலைநோக்கி உலகின் பொது வழக்கம். பதிவைப் படமாக்குவதோ லேசான காரியமல்ல. நம் தலைக்கு மேலுள்ள மின்மண்டலம் அந்த அலைகளை, தண்ணீருக்குள் கிடக்கும் காசு நெளிவது போல் நெளிய வைத்துவிடுகிறது. குழுவினர் பகுதி பகுதியாகவே வெளியிட முடிந்தது. இதற்குள் ஹுயிப் இன்டெமா என்பவரும் வேறு மூவரும் அதே பதிவுகளைப் பொதுப் பெட்டகத்திலிருந்து எடுத்து, தங்கள் முறையில் செப்பனிட்டு, 2016-இல் படம் முழுவதையும் உலகுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வான்பொருள்களின் பட்டியல். பெயர் மட்டும் அடக்கமாக, 'மாற்று வெளியீடு'!

"நட்டவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவனா? இது என்ன தர்மம்?" என்றார் நண்பர்.

"அறுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையே! களத்திலேயே கொட்டிவிட்டான். நட்டவனும் வந்து அள்ளிக்கொள்ளலாம்."

"அள்ளலாம். முதல் கதிரை வாசலில் கட்டும் பாத்தியதை?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தோற்ற கோபத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். இந்தப் பக்கத்து ஏரிகளில் மடை திறந்த நீர்க்கட்டிகளைப் பற்றி நாவல் எழுத, எட்டு வருஷம் அலைந்து குறிப்பெடுத்தேன். ஓர் இளைஞர் வந்து அந்த நோட்டுகளைக் கேட்டார். என் உழைப்பு என்று கொடுக்க மறுத்தேன். நாவலை நான் எழுதவில்லை. நோட்டுகளைக் கரையான் வாசித்து முடித்தது. என்னிடம் பேசிய கிழவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

நண்பர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார்.

"இரண்டு வருஷம் பொறுத்து வா, தருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத் தோன்றவில்லை," என்றேன்.