மானியமும் மானமும்

உழவனுக்கு அரசு கொடுக்கும் பணம் ஈகையா, கடனா? மானியம் என்னும் சொல் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. இந்த வினாவோ அரிதாகவே எழுகிறது. திருக்குறளில் உழவு 104ஆம் அதிகாரம். அதனை அடுத்து நல்குரவு, இரவு, இரவச்சம் ஆகிய மூன்றும் வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசை தற்செயலன்று என்று கொள்ள இடமுண்டு. ஏர் பிடித்த கை ஏந்தும் கையாக மாற ஒரு பருவமழை பொய்த்தாலே போதும்.

மலேசியாவின் நெற்களஞ்சியமாகிய கெடா மாநிலத்தில் 1980ஆம் ஆண்டு இவ்வினா வீதிக்கே வந்துவிட்டது. விற்கும் நெல்லுக்குப் பிக்குல் ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 60 கிலோவுக்கு, 2 வெள்ளி மானியம் தர அரசு முன்வந்தது. ஆனால் அதனை ரொக்கமாகத் தரவில்லை; கட்டாயச் சேமிப்பாகக் கூப்பன் சீட்டுகளில் தந்தது. சனவரித் திங்களில் ஆயிரக்கணக்கான உழவர்கள் அலோர் ஸ்டார் நகரில் திரண்டனர். பிக்குலுக்கு 10 வெள்ளி வேண்டும், அதுவும் ரொக்கமாக வேண்டும் என்றனர். கூட்டம் கலைக்கப்பட்டது, பலர் கைதாயினர். எனினும் அதே ஆண்டிலேயே மானியம் 10 வெள்ளியாக உயர்ந்து, ரொக்கமாகவும் கைக்கு வந்தது.

கொடுத்தவர் நோக்கம் தீயது என்று சொல்வதற்கில்லை. சேமிப்பு நல்ல பழக்கமே. ஆனால் அரசு ஊழியரின் சம்பளத்தைச் சீட்டாகக் கொடுத்து, “உன் நன்மைக்காகத்தான்” என்றால் அவர் ஏற்பாரா? உழைத்தவனுக்குரிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்று கொடுப்பவரே முடிவு செய்யும்போது, உரிமை பிச்சையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அலோர் ஸ்டாரில் எழுந்த சினத்தில் 8 வெள்ளி வேறுபாட்டைவிட இந்த மனக்காயமே பெரிதாக இருந்திருக்கக்கூடும்.

அது உரிமைதானா? நகரத்தார் வாங்கும் உள்ளூர் அரிசியின் விலை ஏறாதபடி அரசு கட்டுப்படுத்துகிறது. அந்தக் குறைந்த விலையின் சுமையில் ஒரு பங்கை வயலில் நிற்பவன் சுமக்கிறான். அயல்நாட்டு அரிசி இருக்க உள்ளூர் நெல் எதற்கு என்பாரும் உண்டு. 2023இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தபின், மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. உள்ளூர் அரிசியைத் தேடி மக்கள் கடை கடையாக அலைந்தனர். ஆகவே மானியம் தருமமன்று, உண்பவர் திருப்பிச் செலுத்தும் கடன் என்பதே பொருத்தம்.

கடன் என்று ஏற்றபின், அது யாருக்குச் சேரவேண்டும் என்பது இன்னும் கடினமான வினா. மூட்டைக் கணக்கில் கொடுத்தால், 40 பிக்குல் விற்கும் குத்தகையாளருக்கு 400 வெள்ளி. 400 பிக்குல் விற்கும் நிலக்கிழாருக்கு 4,000 வெள்ளி. சிறு உழவர் வீட்டில் உண்ணும் நெல்லுக்கு ஒரு காசும் இல்லை, விற்ற நெல்லுக்குத்தானே மானியம்! கணிதம் சரி, நீதி சரியா? மூடா நீர்ப்பாசனத்தால் இருபோகம் விளைந்த வயல்களில் 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் இறங்கின. அரிவாளோடு கூலிக்குச் சென்ற ஏழைப் பெண்கள் வேலை இழந்தனர். அவர்களுக்கு விற்க நெல்லும் இல்லை, மானியமும் இல்லை.

கடலிலும் இதே சிக்கல்தான். மீன்பிடி படகுகளுக்கான டீசல் மானியம் லிட்டர் கணக்கில் செல்வது. பெரிய இழுவலைப் படகு குடிக்கும் எண்ணெய்க்கும் சிறு படகின் எண்ணெய்க்கும் ஒப்புமை ஏது? 2008இல் எரிபொருள் விலை ஏறியபோது அரசு வேறொரு வழியையும் மேற்கொண்டது. மீனவருக்கு மாதம் 200 வெள்ளி வாழ்க்கைச் செலவுப்படி அறிவிக்கப்பட்டது. படகு உரிமையாளரோடு, படகே இல்லாமல் அதில் கூலிக்குச் செல்லும் உள்நாட்டுத் தொழிலாளியும் அதில் சேர்க்கப்பட்டார். அங்கே அளவுகோல் எண்ணெயன்று, ஆள். நெல்வயலில் கூலிக்கு நின்றவருக்கு அத்தகைய அளவுகோலை ஏன் எவரும் எடுக்கவில்லை என்பதை மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் கேட்கலாம்.