ஷட்டர் தூக்கும் முன்னே போய் நில்!

1922. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி என்றிருந்த சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் அய்ய நாடார், மற்றவர் சண்முக நாடார். தீப்பெட்டி எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வங்காளி அவர்கள் பேசி வளர்ந்த மொழி இல்லை. அந்த ஊரில் மாமன் மச்சான் யாரும் இல்லை. ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் எட்டு மாதம் கூடவே நின்று, கண்ணால் பார்த்து, கையால் செய்து, தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே சிவகாசியில் தீக்குச்சி தலை தூக்கியது. பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. தீக்குச்சிக்கு மருந்து கலக்கத் தெரிந்த கை பட்டாசு சுற்றப் பழகியது. குட்டி ஜப்பான் என்று இந்த ஊரை நாடே அழைக்கிறதே, அதற்கெல்லாம் வேர் அந்த எட்டு மாதத்தில் இருக்கிறது.

இன்றைக்கு அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அது புதுசு இல்லை தம்பி. இந்த ஊரே அதில்தான் பிறந்தது!

பிறகு எதற்காக நீ தலை குனிந்து நிற்கிறாய்? கையில் டிகிரி இருக்கிறது. அப்பா சீட்டுப் பணம் எடுத்து வாங்கிக் கொடுத்த கேமராவும் இருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "முன்ன எங்கயாச்சும் வேலை பாத்திருக்கியா?" இல்லை என்றதும் கதவு சாத்தப்படுகிறது. வேலை இல்லாமல் அனுபவம் கிடையாது, அனுபவம் இல்லாமல் வேலை கிடையாது என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புலம்புகிறாய். அந்தப் பூட்டுக்குச் சாவி உன் காலில் இருக்கிறது. நடந்து போ. போய்க் கேள். சம்பளம் எவ்வளவு என்பதை அப்புறம் பேசலாம், முதலில் உள்ளே நில்.

நான் அப்படித்தான் போனேன். விருதுநகரில் ஒரு கல்யாண ஸ்டுடியோ. முதல் இரண்டு மாதம் கேமராவைத் தொடவே விடவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் போடுவேன், லென்ஸ் துடைப்பேன், லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் நிற்பேன். மூன்றாம் மாதம் ஒரு முகூர்த்தத்தில் என் கையில் கேமரா வந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை கை கழுத்தை நெருங்குகிறது, என் திரையில் 'கார்டு ஃபுல்'. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நல்லவேளை, ஸ்டுடியோ அண்ணாச்சி இன்னொரு பக்கம் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். அவர் திட்டவில்லை. டீ குடிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுத்தி வருதுல்ல, அப்பவே கார்டை மாத்திரணும்."

எந்தப் புத்தகத்தில் இது இருக்கிறது? எந்த யூடியூப் வீடியோவில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தேங்காய் மேல் வைத்த தாலி வரிசை வரிசையாகக் கை மாறிப் போகும் அந்த நாலைந்து நிமிடம்தான் போட்டோக்காரன் மூச்சு விடும் நேரம் என்பது, மண்டபத்தில் வேர்த்தவனுக்கு மட்டும் தெரியும். அனுபவம் என்றால் இதுதான் தம்பி. தவறு நடக்கிற இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும்.

நீ வாழும் விருதுநகர் மாவட்டத்தைக் கண்ணைத் திறந்து பார். ஒரு புகைப்படக்காரன் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? சிவகாசியில் அச்சகங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. அதற்குள் சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி எல்லாம் தயாராக வேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு மேலே அச்சிட, வெடிக்கிற காட்சி வேண்டும். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். விருதுநகரில் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், அக்கினிச்சட்டி. வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வு. தோண்டி எடுத்த ஒவ்வொரு பொருளும் அளவுகோலோடு படமாக வேண்டிய இடம் அது. இத்தனையும் பஸ் டிக்கெட் தூரத்தில்!

அச்சகத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறாயா? ஒன்று சொல்கிறேன். மயில்பச்சைப் பட்டுச்சேலை கட்டிய பெண்ணை நீ படம் எடுக்கிறாய். கம்ப்யூட்டர் திரையில் பச்சை ஜொலிக்கிறது. பூரித்துப் போகிறாய். அச்சாகி வந்த தாளில் அதே பச்சை சோர்ந்து கிடக்கிறது. மெஷின் கோளாறு என்று நினைப்பாய். அங்கே முப்பது வருஷமாக மெஷின் ஓட்டும் பெரியவர் பூதக்கண்ணாடியைத் தாளில் வைத்துக் காட்டுவார்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலே மையின் புள்ளிகள். திரை ஒளியால் பேசுகிறது, தாள் மையால் பேசுகிறது. திரையில் தெரிகிற எல்லாப் பச்சையையும் அந்த நாலு மை கொண்டுவர முடியாது. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டாய் என்றால், அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போதே தாளை மனசில் வைத்துத்தான் தூக்குவாய். பின்னணி என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கம், லேபிளில் எழுத்து வர எங்கே இடம் விடுவது என்று கண் தானாகக் கணக்குப் போடும்.

வாணவெடி படம் எடுப்பதும் அப்படித்தான். ஊருக்கு வெளியே திறந்த பொட்டல், இருட்டு. டிரைப்பாடில் கேமரா. ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் அது தேடிக்கொண்டே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் மூன்று நாலு நொடி திறந்திருக்கும், லென்ஸ் முன்னால் கறுப்பு அட்டை. வெடி விரியும்போது அட்டையை விலக்க வேண்டும், அணைந்ததும் மூட வேண்டும். இதெல்லாம் படித்தாலே தெரிந்துவிடும். ஆனால் காற்று அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், முதல் நாலு வெடியிலேயே படத்தை எடுத்துவிட வேண்டும், பிறகு புகை சூழ்ந்து நிறமெல்லாம் செத்துவிடும் என்பதை, பக்கத்தில் நிற்கிற பழைய கை சொன்னால்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டாசு ஆலைக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. மருந்து அறையில் செல்போனுக்கே இடமில்லை. உடம்பில் ஏறும் நிலைமின்சாரம்கூட அங்கே எமன். அனுமதி கேள், ஃபோர்மேன் சொல்லும் கோட்டுக்கு வெளியே நில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்தபோது உதவிக்கு ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் சேர்ந்து கருகினார்கள். உன் உயிரைவிடப் பெரிய படம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற தாயின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டவும் உனக்கு உரிமை இல்லை. எங்கே எடுக்கக் கூடாது என்பதும் தொழிலில் பாதி.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கேமரா, ராத்திரி மண்டபத்துல தனியா நிக்கணுமே" என்று வீட்டில் சொல்கிறார்களா, தங்கச்சி? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவின் தொடக்க காலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை. 2011-இல் பத்ம விபூஷண் அவர் பெயருக்கே வந்தது. சடங்கு வீட்டில், வளைகாப்பில், மணப்பெண் அலங்கரிக்கும் அறையில் ஆண்கள் போக முடியாத இடமெல்லாம் உனக்குத் திறந்திருக்கிறது. உன் கண்ணுக்காகக் காத்திருக்கிற படங்கள் அவை.

யாரும் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்கிறாயா? உன் வீட்டிலிருந்தே தொடங்கு. மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் பழனி குமார். அம்மா பிழைத்த மீன் சந்தையையும் அங்கே உழைக்கிற பெண்களையும் படம் எடுத்தார். 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவர் கையில் வந்தது. உன் அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறாளா? உன் அப்பா அச்சாபீஸில் தாள் அடுக்குகிறாரா? அந்த விரல்களை ஒரு மாதம் தினமும் படம் எடு. நல்லதாக இருபதைப் பொறுக்கி அச்சுப் போட்டு ஒரு ஆல்பமாகக் கட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு போய் மறுபடி கேள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கற்றுக்கொள்ளப் போகிறவன் அடிமையாகப் போகக் கூடாது, இதையும் கேட்டுக்கொள். முதல் நாளே பேசிவிடு: எத்தனை மாதம், பஸ் காசும் சாப்பாடும் உண்டா, எந்த மாதத்திலிருந்து சம்பளம், எடுத்த படங்களில் உன் பெயர் வருமா. மூன்று மாதம் தாண்டியும் டீ வாங்கி வரும் வேலை மட்டும்தான் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போ. மாமா கடையில் வேலைக்கு நின்ற விருதுப்பட்டிப் பையன் காமராஜ் அந்தக் கல்லாவோடு முடிந்துபோகவில்லை. நீயும் முடிந்துபோக மாட்டாய்.

கல்கத்தா வரை போக வேண்டாம் உனக்கு. பங்குனி, சித்திரை முகூர்த்தம் நெருங்கினாலே ஸ்டுடியோ எல்லாவற்றிலும் ஆள் தட்டுப்பாடு. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி கடை ஷட்டரைத் தூக்குவார். துரு ஏறிய ஷட்டர், பாதியில் சிக்கும். குனிந்து ஒரு கை கொடு. அது மேலே போனதும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்: "அண்ணாச்சி, இன்னைக்கு ட்ரைப்பாட நான் தூக்குறேன்."