இயக்குநர் குழுவும் மனச்சான்றும்

நம் குடும்பங்களின் சேமிப்பில் ஒரு பகுதி இன்று நிறுவனப் பங்குகளில் இடப்பட்டுள்ளது. அப்பணத்தைக் காக்கும் கடமை இயக்குநர் குழுவினுடையது. குழுவின் அமைப்பைச் செம்மை செய்தால் நிறுவனம் செழிக்குமா? பொருளியல் வினாவாகத் தோன்றும் இது, உள்நோக்கின் அறவினாவே ஆகும்.

அமெரிக்கப் பெருநிறுவனங்களை ஆராய்ந்த டேவிட் யெர்மாக், சிறிய குழுக்களைக் கொண்ட நிறுவனங்களைச் சந்தை உயர்வாக மதிப்பிடுவதை 1996இல் காட்டினார். சுயேச்சை இயக்குநர்கள் மிகுந்த நிறுவனங்கள் நெடுங்காலத்தில் கூடுதல் பலன் ஈட்டவில்லை என்பது சஞ்சய் பகத், பெர்னார்டு பிளாக் ஆகியோர் 2002இல் கண்ட முடிவு. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

சத்யம் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் குழுவில் சுயேச்சை இயக்குநர்களே பெரும்பான்மையர். கல்வியிலும் ஆட்சித்துறையிலும் பெயர் பெற்றோர். நல்லாட்சிக்கென 2008இல் விருதும் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 16இல், நிறுவனரின் குடும்பத்தொடர்புடைய இரு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கும் தீர்மானத்தைக் குழு ஒருமனதாக ஏற்றது. முதலீட்டாளர் எதிர்க்கவே சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7இல், கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் இருப்பு பொய்யென நிறுவனரே எழுதித் தந்தார்.

மறைக்கப்பட்ட கணக்கை அறியாதிருந்தமைக்காக எல்லோரையும் பழித்தல் முறையன்று. ஆனால் டிசம்பர்த் தீர்மானம் கண்முன் இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரு குடும்பத்தவர் என்பது தெரிந்தும் ஒரு கைகூட மறுத்து உயரவில்லை. தம்மை அமர்த்தியவரையே தாம் கண்காணிக்க வேண்டிய நிலையில், நன்றியுணர்வும் நாகரிகமும் நாவைக் கட்டிவிடுகின்றன. நன்றி நற்பண்பே, எனினும் பிறர் பொருளைக் கொண்டு நன்றி செலுத்த எவர்க்கும் உரிமையில்லை.

அப்படியானால் அமைப்பு வீணோ? அன்று. அரசு அமர்த்திய புதிய குழு, சில மாதங்களிலேயே நிறுவனத்தை ஏலவழி டெக் மகிந்திராவிடம் சேர்த்துக் காத்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சையாளராயிருத்தல் வேண்டும் என்றது. நிருவாகத்தார் இல்லாமல் ஆண்டுக்கொருமுறையேனும் அவர்கள் தனித்துக் கூடவும் பணித்தது. அச்சமின்றிப் பேச ஓர் அறையைச் சட்டம் திறந்து வைத்தது. பேசும் துணிவை அதனால் ஊட்ட இயலாது.

சங்கமாயினும் அறக்கட்டளையாயினும் குடும்பக் கடையாயினும், பிறர் பொருளைக் காக்கும் இருக்கையில் அமர்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். அங்கே மௌனமும் ஒரு வாக்கே. அதற்கும் நாம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.