கொடுத்தவரா, காத்தவரா?

பாகூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஏரியும் நெல்வயலும் மூலநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். கல்வெட்டு படித்தவர்களுக்கு அந்த ஊரின் செப்பேடும் நினைவுக்கு வரும். பிரெஞ்சு ஆட்சியில், 1879இல் வெளிப்பட்டுப் பாரிசு போய்ச் சேர்ந்த அந்த ஏடுகள் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அதாவது 9ஆம் நூற்றாண்டின் பின்பாதி. நிலைதாங்கி என்ற தலைவன் அரசனிடம் விண்ணப்பித்து, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி ஆகிய மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்த செய்தி அவற்றில் இருக்கிறது. கொடை போனது கோயிலுக்கு அல்ல. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு. அங்கே ஓதுவோரும் ஓதுவிப்போரும் சோற்றுக்கு அலையாமல் இருக்க மூன்று ஊர்களின் வருமானம்.

பல்லவர் கால ஏடுகளில் இப்படிப்பட்ட கொடை நடப்புக்கு வரும் விதமே ஒரு காட்சி. அரசனின் ஓலை வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு தொழுது, அதைத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பிறகு எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நடுவார்கள். கொடுப்பவன் எங்கோ இருக்கிறான். காலில் முள் தைக்க நடந்து எல்லை காட்டுகிறவர்கள் ஊர்க்காரர்கள்.

அந்தக் காலக் கொடை ஆவணங்களின் கடைசிப் பகுதியில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும். கொடுப்பதும் காப்பதும் என்ற இரண்டில் காப்பதே மேல். கொடுத்தவனுக்குச் சொர்க்கம்தான், காத்தவனுக்கோ அதற்கும் மேலான, வீழ்ச்சியில்லாத பதம். தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி போகும்: இந்த அறத்தைக் காப்பவருடைய பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவனே சொல்லிவைப்பான். ஊர் ஊராக நிலம் கொடுத்தவன், பிறந்திராத ஒருவனின் காலைத் தலையில் ஏந்துகிறான்.

சந்தேகப் பேர்வழிகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அடுத்து வரும் அரசன் பிடுங்கிக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் காட்டிய ஆசை வார்த்தை அது. புண்ணியத்தின் பெயரால் போட்டுவைத்த காப்பீடு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கவலைக்குள்தான் சரக்கு இருக்கிறது. கொடை என்பது ஒருநாள் வேலை. மிச்சம் இருப்பவனுக்கு அது எளிது, பெயரும் கிடைக்கும். காப்பது தினப்படி வேலை. அதற்குக் கல்வெட்டு கிடையாது. அறநூல் வழியில் பார்த்தால், ஒரு நூலகத்தைத் திறந்து வைத்த அமைச்சரைவிட, அதை மூட விடாமல் கையெழுத்து வாங்கித் தெருத்தெருவாய் அலைகிறவருக்குப் பங்கு அதிகம். கல்வெட்டுப் பலகையில் முன்னவர் பெயர்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

சிற்றூர் நூலகங்கள் ஆணை போட்டு மூடப்படுவது அபூர்வம். நூலகர் ஓய்வு பெறுவார். அந்த இடம் நிரப்பப்படாது. பக்கத்து ஊர் நூலகர் வாரத்தில் சில நாள் வந்து திறப்பார். நாளிதழ் பாக்கி ஏறும், ஏஜென்ட் போடுவதை நிறுத்துவார். மழைக்கு மேற்கூரை ஒழுகி, அலமாரியின் மேல்தட்டுப் புத்தகங்கள் அட்டையோடு உப்பும். காலையில் பேப்பர் பார்க்க வந்த பெரியவர் டீக்கடைக்கு மாறுவார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அதன்பின் ஒரு கோப்பில் எழுதப்படும்: வாசகர் வருகை இல்லை.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெறுவதற்கு ஆளில்லாத கொடையை ஏன் காக்க வேண்டும்? தமிழில் இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே சந்தித்த காப்பியம் மணிமேகலை. ஆபுத்திரனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தவள் மதுரைக் கலைநியமத்துத் தெய்வம் சிந்தாதேவி. சோற்றுப் பாத்திரம் கலைமகளின் கையிலிருந்து வருகிறது! பிறகு இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்க வைக்கிறான். பசி என்று வருபவர் யாரும் இல்லை. இன்றைய அதிகாரி என்றால் பாத்திரத்தை ஏலம் விட்டிருப்பார்.

ஆபுத்திரன் என்ன செய்தான்? முதலில் பசித்தவர்களைத் தேடிப் போனான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாமல் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில், பலரைக் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர்விட்டான். ஆண்டுக்கு ஒருமுறை, புத்தர் பிறந்த வைகாசி நாளில், பாத்திரம் நீரின் மேல் எழும். தகுதியுள்ள கை வரும்வரை அது காத்திருந்தது. வந்தவள் மணிமேகலை. ஆக, தேவை தெரியாத காலத்தில் செய்ய வேண்டியவை இரண்டு என்கிறது காப்பியம்: தேடிப் போவது, வேறு பயனுக்கு மாற்றாமல் வைத்திருப்பது.

தேடிப் போனதற்குக் கதை மட்டுமல்ல, சான்றும் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில். வாசகர் வரவில்லை என்று கோப்பில் எழுதுகிறவர்கள் அந்த வண்டியைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

பாகூர் வித்தியாஸ்தானத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. அது நான்மறையும் அங்கங்களும் சாத்திரங்களும் ஓதிய இடம். மூன்று ஊர்களில் உழுதவர்களின் பிள்ளைகள் அதற்குள் போயிருக்க வழியில்லை. வரி கொடுத்தவன் வெளியே, படித்தவன் உள்ளே. பொது நூலகம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. எவர் வேண்டுமானாலும் பெஞ்சில் உட்காரலாம். காக்க வேண்டிய கடமை பெரிதாவதும் அதனால்தான். பழைய கொடை சிலருக்கானது. இதை இழந்தால் இழப்பவர்கள் எல்லோரும்.

அப்படியானால் காப்பது எந்தச் சமயத்தின் அறம்? யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்திருந்த நூல்களில் தொடங்கியது அந்த ஊரின் பொது நூலகம். அடுத்த ஆண்டு வாடகை அறைக்குப் போனது. பெரிய கட்டடம் எழ முன்னின்றவர்களில் ஒருவர் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவி லோங் அடிகள். வாசலில் வைத்தது கலைமகள் சிலை. துறவி முகம் சுளிக்கவில்லை, ஊரும் கேள்வி கேட்கவில்லை. 1981 மே 31 இரவு சுமார் 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர்விட்டார் என்று யாழ்ப்பாணம் இன்றும் சொல்லும்.

புதுச்சேரியின் வில்லியனூர்க்காரர்களுக்கு இந்தச் சமய இணக்கம் புதிதாகத் தோன்றாது. திருக்காமீசுவரர் கோயில், லூர்து மாதா ஆலயம், சுல்தான்பேட்டைப் பள்ளிவாசல் மூன்றும் கூப்பிடு தூரத்தில் உள்ள ஊர். பிரெஞ்சு ஆளுநர் தேர்வடம் பிடித்த வழக்கத்தை இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். ஆளுநர் வடம் பிடிப்பதால் தேர் அரசாங்கத்தின் சொத்தாகிவிடாது. கொம்யூன் பஞ்சாயத்து எல்லைக்குள் உள்ள நூலகத்துக்கு அரசு சம்பளம் போடுவதும் அப்படித்தான்.

சொத்து யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. 2010இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் கொதித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வாதம் நுட்பமானது: குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஒரு நல்லதை அழித்து இன்னொரு நல்லதைச் செய்வது அறமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. ஆபுத்திரனின் பாத்திரத்தை உருக்கி மணி செய்வதற்கும் யாராவது நல்ல காரணம் சொல்லியிருப்பார்கள்.

லண்டனில் கென்சல் ரைஸ் நூலகத்துக்காகப் போராடியவர்களுக்கு நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. மார்க் ட்வைன் 1900இல் திறந்துவைத்த இடம் அது. நிலம் ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரி கொடுத்தது. நூலகமாக இல்லாவிட்டால் தங்களுக்கே திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. 2011இல் உள்ளாட்சி மூடியது. மக்கள் வாசலிலேயே மேசை போட்டு நூலகம் நடத்தினார்கள். 2012 மே மாதம் விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்து உள்ளே இருந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நீண்ட இழுபறிக்குப் பின் தரைத்தளத்தின் ஒரு பகுதி மட்டும் நூலகமாகத் திரும்பக் கிடைத்தது, மேலே அடுக்ககங்கள். இப்போது அதைத் தன்னார்வலர்கள் முறை போட்டு நடத்துகிறார்கள்.

இதை வெற்றி என்று சொல்வதா? ஊர் காத்தது, சரி. ஆனால் காக்க வேண்டிய அரசு கையைக் கழுவிக்கொண்டது. பழைய ஏடுகள் வேண்டிக்கொண்டது வருங்கால அரசர்களிடம். அவர்களை விடுவிக்க அல்ல, கட்டிப்போட. பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு கிளை நூலகத்துக்காக மனு எழுதுகிறவர்கள், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. நூலகரை நியமியுங்கள், கூரையைச் சரிசெய்யுங்கள், நாளிதழ் பாக்கியைக் கட்டுங்கள் என்று வரிசையாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகலையும் கையில் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.