பெயரற்ற பாகங்கள்

சென்னை புதுப்பேட்டையில் கார்களைப் பிரித்து விற்கிறார்கள். காயலான் கடை என்ற பழைய சொல்லே போதும். அந்த வியாபாரத்தின் கணக்கு, ஒழுக்கம் பற்றிய ஒரு சிக்கலைத் தன்னுள் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வண்டியை எடைக்கு வாங்கி, பாகத்தை உருப்படிக்கு விற்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லாபம் என்பதைவிடக் காத்திருப்பதற்கான கூலி என்பதே சரி. டைனமோ, ரேடியேட்டர் சீக்கிரம் போய்விடும். இடதுபக்கப் பின்கதவோ, அதே கதவு நசுங்கிய இன்னொருவன் வரும்வரை கிடக்கவேண்டும். அதுவரை இடத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி. இனிக் கட்டாது என்று தெரிகிற அன்று கதவும் எடைக்குப் போகிறது. ஒரு கதவு கதவாக இருப்பது வட்டி அனுமதிக்கும்வரைதான். (வண்டியின் சாவும் இப்படித்தான். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு. ஓடக்கூடிய வண்டியாக இருந்தாலும்.)

மிலிந்த ராஜனிடம் நாகசேனர், அச்சா ரதம், சக்கரமா ரதம் என்று கேட்டுக்கொண்டே போய், ரதம் வெறும் வழக்குப் பெயர் என்று நிறுவுகிறார். காயலான் கடையில் இது தத்துவமாக அல்ல, சௌகரியமாக இருக்கிறது. எஞ்சினிலும் சேஸிஸிலும் நம்பர் உண்டு. கதவிலும் சீட்டிலும் சொந்தக்காரனைக் காட்டும் எதுவும் இல்லை. திருடிய காரைப் பிரித்து முடித்தபின் திருட்டு எந்தப் பாகத்தில் இருக்கிறது? சக்கரத்தில் இல்லை, அச்சிலும் இல்லை.

நாகசேனரைத் துணைக்கழைப்பவர்கள் அதே நூலின் மாம்பழத் திருடனை மறந்துவிடுகிறார்கள். நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு என்கிறான் அவன். தண்டனை உண்டு என்பதே அங்கு தீர்ப்பு. அதிலிருந்துதான் இது வந்தது என்ற தொடர்ச்சி போதும். பெயர் கரைந்தாலும் செயல் கரைவதில்லை.

2021இன் மத்திய அரசு விதிகள், பதிவுபெற்ற உடைப்பு நிலையங்கள் வண்டியைத் திருட்டு வாகனப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்கின்றன. சட்டத்தால் இவ்வளவு முடியும். வாங்குகிற என் நிலை என்ன? கேட்காமல் வாங்கினால், முகம் தெரியாத சொந்தக்காரனுக்கு மட்டும் நான் தீங்கு செய்வதில்லை. முறையாக வண்டி வாங்கிப் பிரித்தவனுக்கு முதல், வாடகை, வட்டி எல்லாம் உண்டு. திருட்டுப் பாகத்துக்கு முதலே கிடையாது. அந்த மலிவோடு போட்டிபோட்டு நொடிப்பவன் நேர்மையானவன். அவன் அடுத்த கடையிலேயே உட்கார்ந்திருக்கிறான். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவனிடம் மலிவை விடு என்று சொல்ல எனக்கு வாயில்லை என்பதும் உண்மை.

நான் கேட்கத்தான் செய்கிறேன், இது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று. பதில் உடனே வருகிறது: "மாருதி எண்ணூறு சார். உங்க வண்டிக்குச் சரியா உட்காரும்."